பேர் போடாத படிவம்

வாங்க தம்பி, திண்ணையில உக்காருங்க. வாத்தியார்மாருக்குப் பள்ளிக்கூடத்துல என்ன குறை, என்ன வசதின்னு கருத்துக் கேக்க வந்திருக்கீகளா? நல்ல காரியம். ஆனா ரெண்டே வாத்தியார் இருக்குற பள்ளிக்கூடத்துல பேர் போடாத படிவம் குடுத்தீக பாருங்க, அங்கதான் உங்க படிப்பு தெரியுது. ஒண்ணு தலைமையாசிரியர் எழுதினது. மிச்சம் ஒண்ணு யார் எழுதினதுன்னு கண்டுபிடிக்க சி.பி.ஐ. வரணுமாக்கும்?

எம் பேரன் அமெரிக்காவுல, வட கரோலினாவுல இருக்கான். அங்க 2002-லருந்தே வாத்தியார்மார்கிட்ட இப்படிக் கேக்காகளாம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, ஆளுக்கொரு ரகசிய எண் குடுத்து. பள்ளிக்கூடம் வாரியா முடிவை ஊரறியப் போட்டுருவாகளாம். ஆனா அஞ்சு பேராவது பதில் சொல்லாத பள்ளிக்கூடத்து முடிவை வெளிய விட மாட்டாகளாம். நம்ம பள்ளிக்கூடத்துல அஞ்சு பேர் தேத்தணும்னா சத்துணவு ஆயாவையும், காலைச் சாப்பாடு பொங்குற பிள்ளையையும், வாசல்ல படுத்திருக்க நாயையும் சேத்தாத்தான் கணக்கு நேராகும்.

நேத்து நடந்ததைச் சொல்லுதேன். மூணு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்புல உங்க லிங்க் வந்துச்சு: ‘இன்று மாலை 5 மணிக்குள் 100 சதவீதம்.’ சிக்னலுக்காக டீச்சரம்மா தண்ணித்தொட்டிப் படியில ஏறி நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சாக. ‘கற்பிக்கப் போதிய நேரம் கிடைக்கிறதா?’ன்னு கேட்டிருந்தீகளாமே! அதுக்கு அவுக பதில் போட்டுக்கிட்டிருந்த நேரத்துல, அஞ்சாப்புப் பிள்ளை ஒண்ணாப்புக்குப் பாடம் நடத்துச்சு. ‘மிகவும் திருப்தி’யை அமுக்கிட்டு டீச்சரம்மா ஓடியாந்தாக.

2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 27-ம் பிரிவு வாத்தியாரை வேற வேலைக்கு விடக் கூடாதுங்குது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இம்புட்டுத்தான் விலக்கு. விலக்கு மூணுன்னாலும் வாத்தியார் செருப்பு தேயுறது அதுலதான். அதே சட்டம் தொடக்கப் பள்ளியில 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு வாத்தியார்ங்குது. வகுப்பு அஞ்சு. ஒருத்தர் பயிற்சின்னு வட்டார வள மையத்துக்குப் போயிட்டா, மத்தவருக்குக் காய்ச்சல் வரக் கூடாதுன்னு நாங்க மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட வேண்டியதுதான்.

கெழவன் யோசனை வேணுமா? ‘திருப்தியா?’ன்னு கேக்காதீக. மாமியாரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு மருமககிட்ட ‘சௌக்கியமா?’ன்னு கேட்டா என்ன வரும்? ‘காலையிலருந்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீக?’ன்னு கேளுங்க. டீச்சரம்மா அரை டம்ளர்ம்பாக. ஏன் தாயின்னு கேட்டாப் போதும், கக்கூஸ் சமாச்சாரம் அம்புட்டும் தன்னால வரும்: தண்ணி வராத குழாய், கழுவ வராத ஆள், எங்க இருக்குன்னு தெரியாத சாவி. ‘சாக்பீஸ் யார் காசு?’ன்னு கேளுங்க. ‘நடுவுல போன் அடிக்காம ஒரு பாடத்தை முடிச்சது எப்ப?’ன்னு கேளுங்க. இதுக்கெல்லாம் ‘மிகவும் திருப்தி’ன்னு எப்படி எழுத முடியும்?

படிவத்தைத் தலைமையாசிரியர் கையால வாங்காதீக, பாவம், அவருக்கும் மேல ஆள் இருக்கு. வட்டாரத்துப் பள்ளிக்கூடம் அம்புட்டையும் ஒண்ணாக் கலந்து எண்ணுங்க. போன தடவை சொன்ன குறையில எதைத் தீத்து வச்சீகன்னு மொதப் பக்கத்துல அச்சடிச்சுக் குடுங்க. ஒண்ணுமே தீக்கலையா? பக்கத்தை வெறுமனே விடுங்க, பிள்ளைக கணக்குப் போட்டுப் பாக்க ஆகும்.

என்ன தம்பி, எழுதுறதை நிறுத்திட்டீக? ‘பேர் போடலாமா தாத்தா’வா? தாராளமாப் போடுங்க. எனக்கு மாறுதல் போடணும்னா மயானத்துக்குத்தான் போடணும். அதுக்குக் கலந்தாய்வும் கெடையாது, சிபாரிசும் செல்லாது.