ராஜுவின் பருப்பு வேப்பம்பட்டில் வெந்திருக்காது

திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன் எங்கள் வேப்பம்பட்டு. இங்கே அரை கிரவுண்டு மனை வாங்க வருகிறவர், அட்வான்ஸ் கொடுக்கும் முன் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். மூலப்பத்திரம் கேட்பார். பட்டா யார் பெயரில், பக்கத்தில் ஏரி வாய்க்கால் ஏதும் போகிறதா என்று டீக்கடையில் ஒரு விசாரணைக் கமிஷனே நடத்துவார். புரோக்கர் நீட்டும் ஜெராக்ஸை நம்பமாட்டார்; தானே சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போவார்.

ஹைதராபாத்தில் கணக்கில் மட்டும் இருந்த 5,040 கோடி ரூபாய்க்கு இந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சத்யம் கம்ப்யூட்டர்ஸை 1987-ல் தொடங்கி நியூயார்க் பங்குச் சந்தை வரை கொண்டுபோனவர் ராமலிங்க ராஜு காரு. எதிர்பார்த்த லாபம் வராத காலாண்டில் மற்ற முதலாளிகள் முகத்தைத் தொங்கப்போட்டு மன்னிப்புக் கேட்பார்கள். இவர் கம்பெனியில் பில் அடித்தார்கள். செய்யாத வேலைக்கு 6,000-க்கும் மேற்பட்ட பில்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிற்பாடு சொன்னது. பில் போட்டால் பணம் வந்தாக வேண்டுமே? வந்துவிட்டதாகக் காட்ட பேங்க் ஸ்டேட்மென்டும் அங்கேயே தயாரானது.

தணிக்கை பிரைஸ் வாட்டர்ஹவுஸ்காரர்கள். 'இவ்வளவு டெபாசிட் இருப்பது உண்மையா' என்று பேங்கைக் கேட்கும் கடிதத்தைக் கம்பெனி கையிலேயே கொடுத்தனுப்பி, பதிலையும் கம்பெனி கையாலேயே வாங்கிக்கொண்டார்கள் என்பது அதே ஆணையத்தின் குற்றச்சாட்டு. எங்கள் ஊர் புரோக்கர் எவருக்கும் இப்படி ஒரு பார்ட்டி வாய்த்ததில்லை. போர்டிலோ பெரிய தலைகள். அதில் ஒருவர் ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பலேபு. நிதிநிலை அறிக்கையைப் படித்து ஒரு கம்பெனியை எடைபோடுவது எப்படி என்று பாடப்புத்தகமே எழுதியவர்களில் ஒருவர்!

2008 செப்டம்பர் காலாண்டைப் பாருங்கள். வருமானம் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று அறிவித்தார்கள். நிஜ வருமானம் 2,112 கோடி, நிஜ லாபம் 61 கோடி. ஊதியது 588 கோடி; நிஜ வருமானத்தில் அது கால்வாசிக்குச் சற்று மேல்தான். ஆனால் நடக்காத வேலைக்குச் சம்பளமும் இல்லை, கரன்ட் பில்லும் இல்லை. அத்தனையும் சிந்தாமல் சிதறாமல் லாபத்தில் போய் விழ, லாபம் பத்து மடங்கைத் தாண்டியது. ராஜு குடும்பத்தின் பங்கோ 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, அதுவும் அடகில் இருந்தது. லாபம் குறைந்தால் எவனாவது கம்பெனியை வளைத்துப்போட்டு, பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவான் என்ற பயம் அவருக்கு.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். 2008 டிசம்பர் 16 அன்று, தன் குடும்பத்துக் கம்பெனிகளான மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா இரண்டையும் சத்யம் 160 கோடி டாலருக்கு வாங்கும் என்று அறிவித்தார். இல்லாத பணத்தைக் கொடுத்து இருக்கிற நிலத்தை வாங்கினால் ஓட்டை அடைபட்டுவிடும் என்பது கணக்கு. நியூயார்க்கில் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. சில மணி நேரத்தில் திட்டம் வாபஸ். வருஷக்கணக்கில் காற்றைக் கணக்கில் காட்டியபோது கைதட்டிய முதலீட்டாளர்கள், மனிதர் முதல்முறையாக மண் என்று ஒரு நிஜப் பொருளைக் கொண்டுவந்ததும் அடிக்கப் பாய்ந்தார்கள். கம்பெனிப் பணம் முதலாளி வீட்டுக்குப் போகிறதே என்ற கோபம். நியாயம்தான். ஆனால் போவதற்குப் பணம் எங்கே இருந்தது?

2009 ஜனவரி 7 அன்று ராஜு காரு கடிதம் எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். புலி முதுகில் ஏறிவிட்டு, கடிபடாமல் இறங்க வழி தெரியாமல் தவித்தாராம். நம் பக்கத்தில் வாலைப் பிடித்ததோடு நிறுத்திக்கொள்வார்கள். 180 ரூபாயை ஒட்டி நின்ற பங்கு அன்று மாலை 40-க்குக் கீழே கிடந்தது. ஒரு பாவமும் அறியாத மற்ற கம்பெனிகளுக்கும் சேர்த்து அடி விழுந்து, சென்செக்ஸ் 7 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா, பங்கு 58 ரூபாய் என்று கம்பெனியை எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு விருது விவகாரமும் உண்டு. சிறந்த கம்பெனி நிர்வாகத்துக்கான 'கோல்டன் பீகாக்' விருது 2008-ல் சத்யத்துக்குத்தான் கிடைத்திருந்தது. கடிதம் வெளியானதும் கொடுத்தவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன காரணம்: முக்கியமான தகவல்களைக் கம்பெனி தங்களிடம் தெரிவிக்கவில்லையாம்.