ஓனர் சார்

ஓனர் சார் கேட்டைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாடிப்படி ஏற அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கையில் பை இருந்தால் "என்ன சார், மீனா?" என்பார்.

வீடு பார்க்கப் போன அன்று அவர் சொன்னது: "உங்க சொந்த வீடு மாதிரி நினைச்சுக்குங்க." அப்புறம் ஆரம்பித்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி பத்துக்கு மேல் மிக்ஸி ஓடக் கூடாது. விருந்தாளி மூன்று நாளைக்கு மேல் தங்கினால் மோட்டார் தாங்காது. சொந்த வீட்டில் இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்று வாய் வரை வந்தது. பத்து மாத அட்வான்ஸ் செக் அதற்குள் அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஓனர் சார் அந்த 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற மூன்று வார்த்தைக்குள்ளேயே குடியிருக்கிறார். அக்ரிமென்டை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். "ஆன்லைன்லயே பதிஞ்சிடலாம் சார்" என்றேன். "நமக்குள்ள எதுக்கு சார் கவர்ன்மென்ட்டு?" என்று தோளில் கை போட்டார்.

அவர் மதிக்கும் சட்டம் ஒன்றே ஒன்று, 1908-இல் வெள்ளைக்காரன் போட்ட பதிவுச் சட்டம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருப்பதால், அவர் வீட்டில் வருஷத்துக்குப் பதினொரு மாதம். பன்னிரண்டாவது மாதம் வாடகை ஏறும்.

வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் வீட்டுக்குள் உரிமையாளர் நுழைய 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டுமாம். ஓனர் சாருக்குத் தட்டுவதும் திறப்பதும் ஒரே வேலை. "ஓதம் இறங்குதான்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே காலண்டரை ஒரு விரலால் தூக்கி, பின்னால் எட்டிப் பார்ப்பார். காலண்டர் செல்லோடேப்பில் நின்றுகொண்டிருக்கும். திருப்தியாகக் கீழே இறங்குவார்.

முதல் நூறு யூனிட் மின்சாரம் இலவசம் என்ற செய்தி எங்கள் சப் மீட்டர் வரை வந்து சேரவில்லை. முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய்.

அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிடையரான பணம் மொத்தத்தையும் போட்டுக் கட்டிய மாடி அது. எங்களுக்கு முன்னால் இருந்தவர் நாலு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொன்னாராம். கோர்ட் என்றதும் ஓனர் சார் அந்த நாலு மாதத்தை மறந்துவிட்டார். அன்றிலிருந்துதான் பத்து மாத அட்வான்ஸ். எனக்கு டெங்கு வந்தபோது தினமும் கஞ்சி அனுப்பியதும் அவர் வீட்டிலிருந்துதான். தூக்குப் பாத்திரம் திரும்பி வந்ததா என்று மூன்று தரம் கேட்டார், அது வேறு.

காலி செய்யும்போது வீடு முழுக்கச் சுற்றி வந்தார். ஆணி கிடைக்கவில்லை. படுக்கையறைக் கதவோரம் நின்றுவிட்டார். என் மகளின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம், மூன்று கோடு. "இதுக்கே ரெண்டு கோட்டிங் அடிக்கணும் சார்" என்றார். சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. எங்கள் அக்ரிமென்டில் 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்று இருந்தது. கழித்துக்கொண்டார்.

போன மாதம் பழைய விலாசத்துக்கு ஒரு கூரியர் வந்துவிட்டது என்று வாங்கப் போனேன். புதிதாகக் குடிவந்தவர்கள் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். கதவோரம் என் மகளின் மூன்று கோடும் அப்படியே இருந்தன. பக்கத்தில் புதிதாக இன்னொரு கோடு. அது அவர்கள் வீட்டுப் பையன்.