எள்ளுக்கு ஒரு மலை, கொள்ளுக்கு ஒரு மலை

1981 ஜூன் மாதம், பழைய தில்லி ரயில் நிலையம். கால்கா மெயில் கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது. அப்பா என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி எடை மெஷினில் ஏற்றினார். காசைப் போட்டதும் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுழன்றன. உள்ளே ஆட்டுக்கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கடைசியில் தடித்த அட்டைச் சீட்டு ஒன்று வந்து விழுந்தது. ஒரு பக்கம் எடை: 19 கிலோ. மறுபக்கம் ஆரூடம்: கூடிய சீக்கிரம் பதவி உயர்வு கிட்டும்.

டைஃபாய்டில் மூன்று வாரம் கிடந்து எழுந்த பத்து வயதுப் பையனுக்கு என்ன பதவி உயர்வு? அப்பர் டிவிஷன் கிளார்க்காக இருந்த அப்பா, அது தனக்கு வந்த சேதிதான், முகவரி மாறி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சீட்டைப் பர்ஸில் பத்திரப்படுத்தினார்.

எங்களைச் சிம்லாவுக்கு அனுப்பியவர் சரோஜினி நகர் டிஸ்பென்சரி டாக்டர். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், விலா எலும்புகளை எண்ணுவதுபோல் தட்டிப் பார்த்தார், மருந்துச் சீட்டில் எதையோ கிறுக்கிவிட்டு, "ஹவா-பானி பதலோ" என்றார். காற்றையும் தண்ணீரையும் மாற்று. அந்த மருந்து மட்டும் டிஸ்பென்சரி ஜன்னலில் கிடைக்காது. அரசாங்கம் கொடுக்கிற எல்.டி.சி. பயணச் சலுகை கும்பகோணம் போய்வரத்தான் சரியாக இருக்கும். ஜூன் மாதக் கும்பகோணத்துக் காற்றுக்கும் தில்லிக் காற்றுக்கும் வித்தியாசம் என்று பார்த்தால் புழுக்கம் ஒன்றுதான். அப்பா ஜி.பி.எஃப்பில் கடன் எடுத்தார்.

அதுவரை எங்கள் வீட்டில் மலை என்றால் ஆர்.கே.புரம் மலை மந்திர். 1973இல் கும்பாபிஷேகம் ஆன உத்தர சுவாமிமலை முருகனுக்காகக் கிருத்திகைதோறும் அந்தப் படிகளை ஏறுவோம். நிஜமான மலை வேறு விஷயம். அது நோயாளிகள் போகிற இடம். நாய் கடித்தால் கசௌலி. 1900லேயே அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்துவிட்டது. காசநோய் என்றால் நைனிடால் பக்கம் பவாலி. கமலா நேருவையே அங்கேதான் வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனுக்குப் பெயரே சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே காசநோய் விடுதி தொடங்கியபோது வைத்தியம் என்பது நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட படுக்கை. வேர்க்க விறுவிறுக்க மலை ஏறினால் உடம்பு தேறும் என்று சொல்லியிருந்தால் அந்த டாக்டர்கள் சொன்னவனைப் பிடித்துப் படுக்கையில் போட்டிருப்பார்கள்.

விடிகாலையில் கால்காவில் சின்ன ரயிலுக்கு மாறினோம். ஒரு ஹோல்டால், ஒரு டிரங்குப் பெட்டி, பம்ப் ஸ்டவ், பிரஷர் குக்கர், திருகுச் செம்பு, இட்லி டப்பா. 1903இல் போட்ட பாதை. 96 கிலோமீட்டருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். நானும் அக்காவும் எண்ண ஆரம்பித்தோம். தரம்பூர் ஸ்டேஷன் வந்ததும் அப்பா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு எங்களையும் மூடச் சொன்னார். அங்கே காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. நல்ல காற்று வாங்கப் போகிற வழியில் கால் மணி நேரம் காற்றே வாங்காமல் போனோம். பரோக்கில் 33ஆம் சுரங்கம், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இரண்டு பக்கமும் தோண்டிக்கொண்டே வந்தும் நடுவில் சேராமல் போனதால் என்ஜினீயருக்கு ஒரு ரூபாய் அபராதம் போட்டார்கள், அவமானத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று அங்கே ஒரு கதை உண்டு. கணக்கில் ஒரு பைசா இடித்தாலும் ராத்தூக்கம் போய்விடுகிற அப்பா அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் வந்தார். அக்காவும் நானும் கணக்கை விட்ட இடமும் அதுதான்.

அப்பாவின் ஆபீஸ் நண்பர் சொல்லிவைத்திருந்த அறை, லோயர் பஜாருக்குக் கீழே, ஒரு மரப்படிக்கு அடியில். பதினைந்து நாள். சிம்லா உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிரப் பருப்பு வேகாது. குக்கரை எடுத்து வந்த தன் புத்தியை அம்மா தினமும் ஒருமுறை மெச்சிக்கொண்டாள். பாட்டி கும்பகோணத்திலிருந்து இன்லண்ட் லெட்டரில் ஒரே வரியை மூன்று விதமாக எழுதியிருந்தாள்: இளைத்தவனுக்கு எள்ளு, குழந்தைக்கு எள்ளு கொடு, எள்ளை மறக்காதே. எனவே காலையில் மிளகாய்ப்பொடியில் குளிக்கக் குளிக்க நல்லெண்ணெய். மத்தியானம் எள்ளுசாதம். சாயங்காலம் எள்ளுருண்டை. சனிக்கிழமை தலைக்கும் அதே எண்ணெய். சனீஸ்வரன் பார்த்திருந்தால் கொஞ்சம் பொறாமைப்பட்டிருப்பார்.

மற்ற நேரமெல்லாம் ஓய்வு. அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். பால் வாங்க நூற்றைம்பது படி மேலே போக வேண்டும், காய்கறிக்கு எழுபது படி கீழே. மால் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். விட்டாலும் எங்களுக்கு டாக்சி என்ற யோசனையே வந்திருக்காது. ஜாக்கூ அனுமார் கோயில் 2,455 மீட்டரில், செங்குத்தான ஏற்றம். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, கையில் தயிர்சாதத் தூக்கோடு ஏறினாள். வழியில் இரண்டு முறை உட்கார்ந்து சாப்பிட்டோம். போய்ச்சேர இரண்டரை மணி நேரம். மேலே போனதும் ஒரு குரங்கு அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டது. பொட்டலம் கடலை கொடுத்தபிறகுதான் திருப்பித் தந்தது. இப்போது அங்கே ஏறத் தொடங்கும் இடத்தில், எந்த வயதுக்காரர் எத்தனை நிமிடத்தில் ஏறினால் உடல்தகுதி என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் குடும்பம் மொத்தமும் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நடைக்கெல்லாம் அன்று எங்கள் வீட்டில் இருந்த பெயர் அலைச்சல். ராத்திரி கால் வலிக்கிறது என்று அழுதால், "ரெஸ்ட் எடுக்க வந்த இடத்துல இவ்வளவு அலைச்சலா" என்று அம்மா அப்பாவைத்தான் கோபித்துக்கொள்வாள்.

திரும்பி வந்து பழைய தில்லியில் இறங்கியதும் முதல் காரியம் அதே மெஷின். இருபதரை கிலோ. அப்பா சீட்டைக் கூலிக்காரருக்குக்கூடக் காட்டினார். "மலைக் காத்துன்னா சும்மாவா!"

நாற்பத்துமூன்று வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், எனக்கும் ஒரு சீட்டு வந்தது. பரிசோதனை நிலையத்தின் பி.டி.எஃப், பதினெட்டுப் பக்கம். 84 கிலோ. கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரை எல்லையில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறது. ஆரூடமும் இருந்தது, கடைசிப் பக்கத்தில், சிவப்பு எழுத்தில். அதில் பதவி உயர்வு இல்லை.

குருகிராமில் வேலை பார்க்கிற என் மகள் அன்றே குடும்ப வாட்ஸப் குழுவின் பெயரை மாற்றினாள். 'துவாரகா வீடு' என்பது 'ஃபிட் ஃபேமிலி' ஆயிற்று. அக்டோபரில் கட்வால் மலைக்குப் போகிறோம், இது டூர் இல்லை, ஆக்டிவ் ஹாலிடே என்றாள். மற்ற விவரமெல்லாம் எக்செல் ஷீட்டில் வந்தது. ஷூ, வேர்வை உறிஞ்சும் பனியன், ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல், புரோட்டீன் பார். அம்மாவோடு இருக்க அக்கா துவாரகா வந்தாள். அவள்தான் கேட்டாள்: "குக்கர் எடுத்துக்கலையா?" மூட்டை கட்டுகிறபோது அலமாரியின் பின்னாலிருந்து ஆக்சிமீட்டர் அகப்பட்டது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியில் அந்தக் கருவி இல்லாத வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. இருந்த வீட்டிலும் இல்லை. அதை வைத்து மட்டும் மகள் கேலி பேசவில்லை. பேட்டரி மாற்றிப் பையில் போட்டாள்.

என் கையில் கடிகாரம் ஒன்றைக் கட்டிவிட்டாள். தினம் பத்தாயிரம் அடி இலக்கு. இந்தப் பத்தாயிரம் எந்த வைத்திய சாஸ்திரத்திலும் பிறந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருஷம், 1965இல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பதற்காக 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தது. சொல்லிப் பார்த்தேன். "நடக்காம இருக்க எவ்வளவு படிக்கிறேப்பா நீ" என்றாள்.

ரிஷிகேஷைத் தாண்டியதும் கடிகாரத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாலை அகலப்படுத்துகிறார்கள், வண்டி குலுங்கிக்கொண்டே போகிறது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலப்பதைப் பார்த்தேன், கட்வால் ஸ்ரீநகரில் பரோட்டா சாப்பிட்டேன், பிறகு கொஞ்சம் தூங்கினேன். ருத்ரப்பிரயாகை வருவதற்குள் ஏழாயிரம் அடி நடந்திருந்தேன். மகன் தன் கையையும் ஜன்னலில் வைத்துக்கொண்டான்.

அங்கிருந்து போக்ரி சாலையில் கனக்சௌரி என்ற சிற்றூர். ஹோம்ஸ்டேயில் இரவு 'பகாடி ஹெல்தி தாலி' என்று விலைப்பட்டியலில் ஒன்று. மண்டுவா ரொட்டி, ஜங்கோரா பாயசம், கஹத் பருப்பு. மண்டுவா என்பது கேழ்வரகு. ஜங்கோரா குதிரைவாலி. கஹத்தை ஒரு வாய் வைத்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது: கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. பழமொழியின் முதல் பாதியைச் சிம்லாவில் சாப்பிட்டு முடித்தவனுக்கு மறுபாதி இத்தனை வருஷம் காத்திருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத்து அறையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மேகி சாப்பிட்டார்கள். என் மகன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் முற்றத்தில் நால்வரும் சூரிய நமஸ்காரம். சூரியன் வரும் முன்னே ஹோம்ஸ்டே அம்மா தலையை மறைக்கிற புல்கட்டைச் சுமந்துகொண்டு கீழேயிருந்து ஏறி வந்தார். இறக்கிவைத்துவிட்டு எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உபதேசம் ஏதாவது வரும் என்று நினைத்தேன். அவர் கேட்டது என் ஷூ என்ன விலை என்று. சொன்னேன், பாதியைக் குறைத்து. தனக்கும் சர்க்கரை இருக்கிறதென்றும், ருத்ரப்பிரயாகை ஆஸ்பத்திரி டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் சொல்லிவிட்டு, புல்கட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். என் மகள் மட்டும், "கரெக்ட்தான், பிரிஸ்க் வாக் வேற, லோட் தூக்கறது வேற" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

கனக்சௌரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் காட்டுப்பாதை. முடிகிற இடத்தில் கிரௌஞ்ச மலை உச்சியில் கார்த்திக் சுவாமி கோயில், மூவாயிரம் மீட்டருக்குச் சற்றே மேல். வடக்கே முருகனுக்குத் தனிக் கோயில் அபூர்வம். அதனால்தான் இந்த இடத்துக்கு ஒத்துக்கொண்டேன் என்பதை எக்செல் ஷீட்டில் எழுதவில்லை. அம்மா ஏறிய அதே வேகத்தில் ஏறினேன், தயிர்சாதம்தான் இல்லை. ஐந்நூறு மீட்டருக்கு ஒருமுறை விரலில் ஆக்சிமீட்டர். 91 என்றது. உட்கார்ந்தேன். 94 என்றது. கடிகாரமோ, உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிறது, எழுந்திரு என்றது. இரண்டு கருவிக்கும் நடுவில் அரை மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது.

உச்சியில் மூன்று பக்கமும் பள்ளம், எதிரே பனிமலைகள். சௌகம்பாவின் நான்கு தலைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. வேண்டுதலுக்குக் கட்டிய மணிகள் வரிசை வரிசையாகத் தொங்கின. காற்றில் ஒன்றைத் தொட்டு இன்னொன்று பேசிக்கொண்டிருந்தது. யாரும் போட்டோ எடுக்கக்கூட மறந்து கொஞ்ச நேரம் நின்றோம். என் மனைவி மட்டும் மலை மந்திரில் செய்வதுபோலவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூசாரி தலபுராணம் சொன்னார். உலகைச் சுற்றிவரும் போட்டியில் அண்ணன் ஜெயித்துவிட்டான். அதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். நம் முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய் ஆண்டியாக நின்றுவிட்டார். இவர்கள் முருகன் இங்கே வந்து, உடம்பின் சதையைத் தாய்க்கும் எலும்பைத் தகப்பனுக்கும் கொடுத்துவிட்டாராம்.

"அப்பா, ஜீரோ பாடி ஃபேட்" என்றான் என் மகன்.

"வாயிலே போட்டுக்கோ" என்று அவன் அம்மா மண்டையில் ஒன்று வைத்தாள். அவன் போட்டுக்கொண்டான். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அண்ணன் அப்பா அம்மாவைச் சுற்றிய அந்த ஒரு சுற்று என் கடிகாரத்தில் முப்பது அடிகூட வந்திருக்காது. கீழே இறங்கினதும் மகளிடம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் மேகி வந்துவிட்டது. இந்தத் தடவை நால்வருக்கும்.

ஐந்தாம் நாள் ராத்திரி துவாரகா வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்த அம்மாவுக்கு எண்பது வயது, ஒரு கண்ணில் புரை. "என்னடா இது, பாதியா எளைச்சுப் போய் வந்திருக்கே! மலைல சோறே போடலையா?" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு, அக்காவிடம் தோசைக்கல்லைப் போடச் சொன்னாள். மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தில் எண்ணெய் கொட்டுகிற சத்தம் ஹாலுக்குக் கேட்டது.

மகள் அதற்கு முன் என்னைக் குளியலறைத் தராசில் ஏற்றினாள். அது விளக்கும் போடவில்லை, ஆட்டுக்கல்லும் உருட்டவில்லை. 84.6 என்று பச்சையாகக் காட்டியது. இறங்கச் சொன்னாள், மறுபடி ஏறச் சொன்னாள், தராசை வேறு ஓட்டுக்கு நகர்த்தினாள். தசை கூடியிருக்கலாம், நீர் தங்கியிருக்கலாம் என்றாள். கொள்ளு, கேழ்வரகு, மூவாயிரம் மீட்டர், கடிகாரத்தின் கணக்குப்படி அறுபத்தெட்டாயிரம் அடி, எல்லாம் சேர்ந்து அறுநூறு கிராம்.

"என்னவாம்?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"அரை கிலோ ஏறியிருக்கேம்மா."

சட்டுவத்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பின்னே? மலைக் காத்துன்னா சும்மாவா!"