இறங்காமைக் கோட்பாடு: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹார்ட்டெயில் சைக்கிள் தெரிவு குறித்து ஓர் ஆய்வு

சைக்கிள் வாங்குவது முதலீடு என்று கடைக்காரர்களும், உடற்பயிற்சி என்று மருத்துவர்களும், வீண்செலவு என்று வீட்டிலிருப்பவர்களும் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மூன்று தரப்பிலும் உண்மை உண்டு, ஆய்வுதான் இல்லை. முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வுதாங்கி ஃபோர்க்கும், பின்பக்கம் அசையாத கெட்டிச் சட்டமும் கொண்ட மவுண்டன் பைக்கை ஹார்ட்டெயில் என்கிறோம். தார், செம்மண், வேர், சரளை எல்லாம் கலந்த நிலத்துக்கு அதை எப்படித் தெரிந்தெடுப்பது என்ற வினாவுக்கு இதுவரை கிடைக்கும் விடைகள் கனடாவின் மலைச்சரிவையும் வேல்ஸின் ஈரக் காட்டையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு கிள்ளானில் மாமியார் வீடு வைத்திருப்பவருக்கு அவற்றால் பயனில்லை. அந்தக் குறையைப் போக்க முன்வரும் இவ்வாய்வின் துணிபு இது: கலப்பு நிலத்துச் சைக்கிளை அளக்க ஒரே அளவுகோல்தான் உண்டு. ஏறியவர், தாம் விரும்பாத இடத்தில் எத்தனை முறை காலை ஊன்றி இறங்க நேர்கிறது என்பதே அது. அத்தகைய இறங்குதல் குறையக் குறையச் சைக்கிள் உயர்ந்தது. தே தாரேக் குடிக்க இறங்குவது கணக்கில் சேராது. அது விரும்பி இறங்கியது.

முதலில் நிலத்தை வரையறுப்போம். நிலம் கலப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியரே இடம் விட்டிருக்கிறார். ஆயினும், ஐந்து திணையும் முப்பது கிலோமீட்டருக்குள் மயங்கும் ஒரு நாட்டை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த ரயில், இந்தப் பள்ளத்தாக்கை ஒரே கோடாகத் தைத்தது. ரயில்வே வேலைக்கு வந்தவர்களால்தான் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் குடியிருப்பாகத் தழைத்தது. சைக்கிளுக்கு அப்படியொரு கோடு இன்றுவரை வாய்க்கவில்லை, துண்டுகளே வாய்த்தன. மிட்வேலிக்கும் டத்தாரான் மெர்டேக்காவுக்கும் இடையே 2015இல் சுமார் 5.5 கிலோமீட்டருக்குத் தனிப்பாதை போட்டார்கள். 2018இல் நகர மையத்துச் சாலையோரங்களில் நீலம் பூசினார்கள். கார்கள் அந்த நீலத்தைத் தங்களுக்கான நிறுத்துமிடம் என்று விளங்கிக்கொண்டன. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடையோ கடைக்குக் கடை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். துன் சம்பந்தன் சாலையோரத்தில் பார்வையற்றோருக்காகப் பதித்த மேடுவரிக் கற்கள் உள்ளன. அவற்றின்மேல் சைக்கிள் விடுவதை எந்த ஃபோர்க்காலும் நியாயப்படுத்த முடியாது. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரமாக ஓடும் மோட்டார் சைக்கிள் பாதை 1970களில் பிறந்தது, நாட்டிலேயே முதலாவது. அதில் ஆணி, கம்பி, லோரி டயரின் கிழிசல், மழை பெய்தால் சுரங்க வளைவுகளில் தேங்கும் தண்ணீர் என்று யாவும் கிடைக்கும். இடையில் வண்டியைத் திருப்பிப் புக்கிட் கியாராவுக்குள் நுழைந்தால், முன்னாள் ரப்பர்த் தோட்டம் காடாகிக் கிடக்கும் சரிவில், தன்னார்வலர்கள் கையால் வெட்டிய ஒற்றையடித் தடங்களும் ஈரக் களிமண்ணும் வழுக்கும் வேர்களும் காத்திருக்கும். ஐந்தாவது திணையான பாலைக்குத் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை. நண்பகலில் கூட்டரசு நெடுஞ்சாலையே போதும்.

இறங்குதலை ஏன் அளவுகோலாகக் கொள்ள வேண்டும், வேகத்தையோ சொகுசையோ கொண்டால் என்ன எனின், வரலாறு விடை தருகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரோ தோட்டத்துக் கிராணிமாரோ எதிரில் வந்தால், தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அந்தப் போராட்டத்தை அடக்கப் படை வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். விளையாட்டாகச் சொல்லத்தக்க செய்தியல்ல இது. விளையாட்டான இந்த ஆய்வில் விளையாட்டில்லாத ஒரே பகுதி என்று கொள்க. சைக்கிளின் பெருமை அதில் ஏறுவதில் இல்லை, இறங்க வேண்டாதிருப்பதில் உள்ளது என்பதை இந்தப் பள்ளத்தாக்கின் தமிழர்கள் எழுத்தில் கேட்டு வாங்க முயன்றிருக்கிறார்கள். ஃபோர்க்கின் நிறத்தைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைகளில் இன்று நடக்கும் தெரிவு இந்த அளவுகோலுக்கு நேர் எதிரானது. முதலில் சட்டத்தைப் பார்க்கிறார்கள்; அடுத்து ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்று கேட்கிறார்கள்; டயரைக் கடைசியில்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. இந்த மயக்கத்தின் வேர் கலிபோர்னியாவில் இருக்கிறது. 1976 அக்டோபரில் மரின் வட்டாரத்து இளைஞர்கள் பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களை மலையுச்சிக்கு வண்டியில் ஏற்றிச் சென்று, சரிவில் விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி திணிக்க வேண்டும். அந்தத் திணிப்பாலேயே பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக் என்ற குலத்தின் மூலக்கதையிலேயே மேலே போவதற்கு வேறு வண்டி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 140 மில்லிமீட்டர் ஃபோர்க்கும், முன்சக்கரத்தை நெடுந்தூரம் முன்தள்ளி 64 பாகையில் சாய்ந்து நிற்கும் கழுத்தும் அந்தப் பரம்பரையின் சொத்து. சரிவில் அவை உயிர் காக்கும், உண்மைதான். ஆனால் கியாராவின் ஏற்றத்தையும் தன் காலால்தான் மிதிக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் பல கிலோமீட்டர் தார் இருக்கிறது. ஏற்றத்தில் அவ்வளவு சாய்ந்த கழுத்துடைய வண்டியின் முன்சக்கரம் அலைபாயும். அலைபாய்ந்தால் கால் ஊன்றும். ஊன்றினால் இறங்கல் ஒன்று. ஆகவே 120 மில்லிமீட்டர் ஃபோர்க், தாரில் அமுக்கத்தைப் பூட்டி வைக்கும் நெம்பு, 66 பாகையை ஒட்டிய கழுத்து ஆகியவை இந்த நிலத்துக்குப் போதும்.

போதாதது டயர். இறங்கல்களுக்கான காரணங்களை வகைப்படுத்தினால், பஞ்சர், வழுக்கல், ஏற்றத்தில் மூச்சு முட்டல், பயம் என நான்காகும். முதலிரண்டும் முழுக்க டயரின் துறை. மூன்றாவது பல்சக்கரத்தின் துறை. நான்காவதைப் பிரேக்கும் டயரும் பகிர்ந்துகொள்கின்றன. சட்டத்தின் பங்கு இதில் எங்கே என்று தேடினால், டயருக்கு இடம் கொடுப்பதில் மட்டும் தென்படுகிறது. 29 அங்குலச் சக்கரத்தில் 2.35 அங்குல டயர், உள்ளகலம் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள ரிம், டியூப் இல்லாத அமைப்பு, இருபது சொச்சம் பிஎஸ்ஐ காற்று: இந்த நான்கும் கூடினால் வேரின்மேல் டயர் துள்ளாமல் தவழும். முன்னால் ஆழமான கட்டைகள் கொண்ட டயர், பின்னால் நடுவரி தாழ்ந்து உருளும் டயர் என்று இரண்டும் வேறாக இருப்பது கலப்பு நிலத்துக்குக் கலப்பு மணம் போல் பொருந்தும். டியூபுக்குப் பதிலாக உள்ளே ஊற்றும் சீலண்ட் பலவற்றில் இருப்பது இயற்கை ரப்பர் பாலும், அது உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவுமே. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பழைய வேதியியல். வெட்டிய கோட்டில் பால் வடிந்து மங்கில் சேர்ந்தபின், மிச்சப் பால் கோட்டிலேயே காய்ந்து ஒட்டுப்பாலாகிப் புண்ணை மூடும். நெடுஞ்சாலை ஆணி குத்தியதும் டயருக்குள் நடப்பதும் அதுவே: காற்று சீறும், சக்கரம் சுழலும், வெள்ளைத் துளி நாலைந்து வெளியே தெறிக்கும், சீறல் நிற்கும். ஏறியவர் இறங்கவில்லை. பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவரான டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தது 1880களின் பிற்பகுதியில். காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் வணிக நோக்கோடு ரப்பர் நட்டது 1890களின் நடுவில். அந்த மரங்களுக்காகக் கப்பலேறிய தமிழர்களின் கொள்ளுப்பேரன்கள் இன்று கடைக்குப் போய்ச் சட்டத்தின் கார்பன் இழையைத் தட்டிப் பார்க்கிறார்கள். குலத்தொழிலை மறப்பது என்பது இதுதான்.

தடை ஒன்று. டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சட்டத்தை மாற்ற முடியாது. மாற்ற முடியாததைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? கூர்மையான தடை, ஆனால் அது இக்கோட்பாட்டுக்கே துணைநிற்கிறது. மாற்ற முடியாத சட்டம் எவ்வளவு அகல டயரை உள்ளே விடும் என்பதும் மாற்ற முடியாதது. ஆகவே சட்டத்தைப் பார்க்கையிலும் டயரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கடையில் வண்டியின் பின்பக்கம் குனிந்து, டயருக்கும் சங்கிலிப் பக்கத்துக் குழாய்க்கும் நடுவே விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இரு புறமும் விரல் தாராளமாகப் போய்வந்தால் களிமண்ணும் போய்வரும். விரல் சிக்கினால், கியாராவில் மழைக்கு மறுநாள் சக்கரமே சிக்கும். இந்தச் சோதனைக்குச் செலவில்லை. கடைக்காரரின் புன்னகை மட்டும் சற்று மங்கும்.

மூன்றாவது காரணமான மூச்சு முட்டலுக்கு வருவோம். முன்னால் 32 பல், பின்னால் 10 முதல் 51 பல்வரை பன்னிரண்டு தட்டு என்னும் ஏற்பாடு இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. மிகச் சிறிய கியரில் ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நகரும். நடந்தால் இரண்டு எட்டு. ‘அதற்கு இறங்கித் தள்ளிவிடலாமே’ என்பவர்கள் இக்கோட்பாட்டின் முதல் வரியையே படிக்கவில்லை. பிரேக், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க்காக இருப்பது கட்டாயம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி பிற்பகலில் சொல்லாமல் கொட்டும் ஊரில், ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கு பிடிப்பதற்குள் மனம் மாறிவிடும். இருக்கையைக் கைவிரலால் தாழ்த்தும் ட்ராப்பரும் செலவுக்குத் தகும். செங்குத்துச் சரிவில் இருக்கை இறங்கினால் ஆள் இறங்க வேண்டியதில்லை.

தடை இரண்டு. பின்பக்கமும் அதிர்வுதாங்கி உள்ள முழு சஸ்பென்ஷன் வண்டியில் கியாராவில் இன்னும் குறைவாகத்தானே இறங்க நேரும்? நேரும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்கால் மூட்டுகளிலுள்ள பேரிங்குகள் நம் மழையிலும் களிமண்ணிலும் ஊறித் தேய்ந்து, வண்டி பட்டறைக்குப் போய்விட்டால், அத்தனை நாளும் உரிமையாளர் தரையில்தான் நிற்கிறார். அது ஒரே இறங்கல்தான். ஆனால் நீண்ட இறங்கல். தடை மூன்று. வளைந்த ஹேண்டில் கொண்ட கிராவல் வண்டி தாரில் பறக்குமே? பறக்கும். கியாராவின் முதல் வேரில் தரையிறங்கும். தடை நான்கு. மடிப்புச் சைக்கிளை எல்ஆர்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகலாமே? அது சைக்கிளைச் சுமந்த பயணம். சைக்கிள் சுமந்த பயணமன்று. ரயிலில் ஏறுவதற்கு முன்பே ஒருவர் இறங்கிவிட்டார்.

எஞ்சுவது மிக வலிய தடை. எதிர்த்தரப்பில் தருக்கம் அறிந்தோர் எழுப்புவது. இறங்குதல் குறைவதே சிறப்பு என்றால், வாங்கிய மூன்றாம் வாரம் முதல் வாசல் தூணில் சாய்ந்து, 760 மில்லிமீட்டர் ஹேண்டில்பாரில் கைலியும் துண்டும் உலர்த்திக்கொண்டு நிற்கும் சைக்கிளில் ஒருவரும் இறங்குவதேயில்லையே. ஆகவே அதுதானே பள்ளத்தாக்கின் தலைசிறந்த ஹார்ட்டெயில்? தாமான்கள்தோறும் காணக்கிடைக்கும் சான்று இது என்பதால் தள்ளிவிட முடியாது. விடை அளவுகோலைத் திருத்துவதில் உள்ளது. இறங்குதலின் எண்ணிக்கையை ஓடிய கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். ஓடாத சைக்கிளுக்குப் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேரும். அதற்கு விடையில்லை என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஆக, அந்தச் சைக்கிள் சிறந்ததும் அன்று, மோசமானதும் அன்று. கோட்பாட்டின் எல்லைக்கு வெளியே நிற்கும் கொடிக்கம்பம். எல்லைக்குள் இருப்பவர்களுக்கு இறுதி விதி ஒன்றுதான். கையிலுள்ள வெள்ளியில் விலைகூடிய சட்டத்துக்கும் கூடுதல் 20 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்கும் ஒதுக்கியதை எடுத்து, நல்ல இரண்டு டயருக்கும் ஒரு குப்பி சீலண்டுக்கும் மாற்றுக. நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். மறக்காமல் மறுபடி பால் ஊற்றுக. சட்டத்தின் நிறத்தை வீட்டிலிருப்பவர்களின் முடிவுக்கே விட்டுவிடலாம். நிறத்தினால் எவரும் இறங்க நேர்ந்ததில்லை. அந்த ஒரு விட்டுக்கொடுப்பால், ‘வீண்செலவு’ என்ற மூன்றாம் தரப்பின் வாதமும் பாதி அடங்கும்.