அத்தாரிட்டி அண்ணாச்சி

களக்காட்டில், மலையடிவாரத்தில், ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் வீடு. திண்ணையில் கல்வம், உள்ளே அப்பா விட்டுப்போன ஏட்டுக்கட்டு. தள்ளாத வயதில் பற்பம், செந்தூரம் என்று தெரிந்ததையெல்லாம் நூலாக அச்சுப்போட்டு, ஒரு மருத்துவ நூலகத்துக்கு இனாமாகக் கொடுக்கிறார். கேட்லாக் பதிவில், பொருள் தலைப்புக்கு உரிய 650-ஆம் புலத்தில் நூலகர் 'சித்த மருத்துவம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இரண்டாவது சுட்டியில் 2 போடுகிறார். 2 என்றால், இந்தத் தலைப்பு அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வைத்திருக்கும் 'மெஷ்' பட்டியலுக்குக் கட்டுப்பட்டது என்று பொருள். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ராத்திரி அத்தாரிட்டி அண்ணாச்சி வேலைக்கு வருகிறார். அவர் ஆள் இல்லை, நிரல். கேட்லாக்கில் கிடக்கும் தலைப்புகளை அங்கீகரிக்கப்பட்ட தலைப்புகளோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவது அவர் உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சந்தேகமும் கிடையாது. 'சித்த மருத்துவம்' என்ற பெயரைக் கண்டதும் தன் பேரேட்டைப் புரட்டுகிறார். 150-ஆம் புலத்தில், பட்டா யார் பேரில் இருக்கிறதோ அந்த இடத்தில், ஆயுர்வேத மருத்துவம். 450-இல், 'இதைத் தேடி வந்தவர் அங்கே போகவும்' என்று விரட்டிவிடுகிற இடத்தில், சித்த மருத்துவம். ஒரே அடி. விடிந்தால் வைத்தியர் எழுதியது ஆயுர்வேத நூல்.

"ஏன் அண்ணாச்சி, சித்தான்னு போட்டா ஆயுர்வேதம்னு வருதே?"

"சிஸ்டம் அப்படித்தான் காட்டுது வே."

இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மெஷ் 1960-இல் பிறந்த பட்டியல். வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். யுனானிக்குத் தனி நாற்காலி, திபெத்திய மருத்துவத்துக்குத் தனி நாற்காலி, ஜப்பானின் கம்போவுக்கும் மங்கோலிய வைத்தியத்துக்கும் தனித்தனி நாற்காலி. அவர்கள் உட்காரட்டும், நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் 4,448 நோய்களைப் பேர் சொல்லி எண்ணிய மரபுக்கு முப்பதாயிரத்தில் ஒரு முக்காலிகூடவா கிடைக்கவில்லை? கிடைத்தது ஆயுர்வேதத்து வீட்டுத் திண்ணை. அந்தத் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? 'இந்து மருத்துவம்' என்றொரு மாற்றுப்பெயர். ராமதேவர் மெக்காவுக்குப் போய் யாக்கோபு ஆனார் என்று சொல்கிற மரபை, இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தலைமுறை தலைமுறையாகக் குழிக்கல்லில் அரைத்து வளர்த்த வைத்தியத்தை, ஒரு சொடுக்கில் மதம் மாற்றியாயிற்று. நம்மூரில் இதைச் செய்திருந்தால் சாலை மறியல் நடந்திருக்கும்.

2022-லிருந்து அந்த அமெரிக்க நூலகத்தின் மெட்லைன் என்ற மருத்துவக் கட்டுரைத் தொகுப்புக்குத் தலைப்பு போடுவதும் எந்திரம்தான். அங்கே ஓர் எந்திரம் போடுகிறது, இங்கே ஓர் எந்திரம் சரிபார்க்கிறது. நடுவில் மனுஷன் எதற்கு?

அமெரிக்காக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாமா? முடியாது. 1970-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய இந்திய மருத்துவ மைய மன்றச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி என்று மூன்றாகத்தான் எண்ணியது. அதற்கு முன்பே, 1964-இல், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் ஆராய்ச்சி என்று வந்தபோது ஆயுர்வேதத்துக்கும் சித்தத்துக்கும் ஒரே மைய ஆராய்ச்சிக் கவுன்சில். பிரித்துத் தனியாக வைக்க 2010 வரை ஆயிற்று. டெல்லியிலேயே ஒண்டுக்குடித்தனம் வைத்துவிட்டு, மேரிலாந்தில் இருக்கிற அந்த நூலகத்துக்காரன் தனி வீடு தரவில்லை என்று அழுதால் எப்படி?

உலக சுகாதார நிறுவனம்கூட 2024 ஜனவரியில், தன் நோய் வகைப்பாட்டின் பாரம்பரிய மருத்துவப் பகுதியில் இந்த மூன்றையும் மூன்றாகவே வைத்தது. அதற்கும் வெகுகாலம் முன்னால், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், நூல்களை வகைப்படுத்தும் தன் கோலன் பகுப்பில் ஆயுர்வேதத்துக்கு 'எல்பி', சித்தத்துக்கு 'எல்சி', யுனானிக்கு 'எல்டி' என்று அழகாகப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பகுப்பை நாம் என்ன செய்தோம்? அவர் பிறந்தநாளுக்கு மாலை போடுகிறோம், ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினம் என்கிறோம், அலமாரியை ட்யூயி பகுப்புக்குக் கொடுத்துவிட்டோம்.

மேடை ஏறினால் அகத்தியர் பொதிகையில்தான் இருந்தார் என்று மைக் உடைகிற அளவுக்கு முழக்கம். டெங்கு வந்தால் நிலவேம்பு, கொரோனா வந்தால் கபசுரக் குடிநீர், அண்டா அண்டாவாக ஊற்றிப் படம் பிடித்துக்கொள்ளத் தலைவர்கள் வரிசை. அந்தக் குடிநீர் பற்றி எழுதுவதெல்லாம் எந்தத் தலைப்பில் போய் விழுகிறது என்று ஒரு தலைவராவது கேட்பாரா? மெஷ் பட்டியலில் புதுத் தலைப்பு வேண்டுமென்று யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அதுகூட அப்புறம் இருக்கட்டும். அண்ணாச்சியைத் தடுக்க ஒரு இலக்கம் போதும். 650-இல் 2-க்குப் பதில் 7 போட்டு, தலைப்பு எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று பக்கத்தில் குறித்தால், அவர் மெஷ் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வரமாட்டார். உள்ளூர்ப் பட்டியலை உட்கார்ந்து எழுத ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆளைத்தான் கேட்லாக் வேலைக்கான டெண்டரில் வெட்டிவிட்டார்கள். ஒரு பதிவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தம், குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. அவர் ராத்திரியோடு ராத்திரியாக நிரலை ஓட்டி, 'தலைப்புகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன, பிழை பூஜ்யம்' என்று அறிக்கை வைப்பார். மறுவாரம் பில் பாஸாகும்.