என் புழுவுக்குப் பக்கத்தில் காபி டம்ளர்

இன்று விடிவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கியது. என் ஆறுமணிக்குருவி. போன வாரம் மாதுளைக்குக் கீழே குப்புறப் படுத்து, கொசுக்களுக்கு ரத்ததானம் செய்தபடி நான் எடுத்த படம். அதன் வயிற்றில் ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தீபாவளி நெருங்குகிறதல்லவா, தலைக்கு மேல் புஸ்வாணம். நெஞ்சுக்குக் குறுக்கே ரோஸ் நிறத்தில் ‘இனிய காலை வணக்கம்’. வலது மூலையில் சித்தப்பாவின் பெயர்.

தோட்டத்தில் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன், இதை முடித்துவிட்டு.

அந்தக் குருவி இமயமலை அடிவாரத்திலோ மத்திய இந்தியக் காடுகளிலோ குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் தெற்கே வருவது. களைத்துப்போய்ச் சென்னையில் யார் வீட்டுக் கொல்லையிலாவது இறங்கும். தாம்பரம் பக்கம் என் கொல்லையைத் தேர்ந்தெடுத்தது என் அதிர்ஷ்டம். சருகைப் புரட்டிப் பூச்சி தின்கிற பறவை. வெளிச்சத்துக்கு வருவதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கும். மழை மேகம் வேறு. ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, மூச்சைப் பிடித்து எடுத்தேன். பச்சை முதுகு, நீலத் திட்டு, அடிவயிற்றுச் சிவப்பு எல்லாம் விழுந்திருந்தன. குழுவில் போட்டதும் அத்தை கேட்டார்: ‘வால் எங்கே? பூனை கடிச்சிடுச்சா?’ அதற்கு வாலே அவ்வளவுதான் அத்தை என்றேன். பிறகு வரிசையாகக் கைகூப்பு பொம்மைகள். சித்தப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் வேலையில் இருக்கிறார் என்று.

நீங்களும் அனுப்புகிறவர்தான். பொய் சொல்லாதீர்கள்.

இந்த மாசியில் தேன்சிட்டு எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் கூடு கட்டியது. குஞ்சு பறக்கும்வரை எல்லார் லுங்கியும் நாற்காலி முதுகில் காய்ந்தது. கட்டியது முழுக்கப் பெட்டை. சிலந்தி வலையைச் சுருட்டிக் கொண்டுவந்து, நாரையும் சருகையும் அதில் பொருத்தி, மரப்பட்டைத் துணுக்கும் புழுவின் எச்சமும் வெளியே ஒட்டி, வாசலுக்கு மேல் ஒரு தாழ்வாரம்கூட இறக்கியது. ஆண் என்ன செய்தார்? பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து பாடினார். அது நார் எடுக்கப் போனால் கூடவே போனார். அது திரும்பினால் கூடவே திரும்பினார். வாயில் ஒரு நூல் கிடையாது. (குஞ்சுகளுக்கு ஊட்டும்போது கைகொடுக்கிறார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.) இரண்டு பேர் படத்தையும் குழுவில் போட்டேன், யார் எவர் என்ற விளக்கத்தோடு. மார்ச் 8 அன்று மகளிர் தின வாழ்த்து வந்தது: ‘உழைக்கும் பெண்மையைப் போற்றுவோம்.’ படத்தில் ஆண். மினுங்கும் தோளும் மஞ்சள் வயிறுமாக, சும்மா உட்கார்ந்திருந்த அதே கம்பியில். ஏன் சித்தப்பா என்று கேட்டேன். பெட்டை கலர் எடுபடலையாம்.

சித்திரையில் ஏழு மணிக்கே வெயில் படத்தை வெளுத்துவிடுகிறது. ஆடியில் காற்று. அம்மிக்கே உத்தரவாதமில்லாத மாதத்தில் செம்பருத்தி எனக்காக நிற்குமா?

ஆவணியில் கறிவேப்பிலைக்கு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு வந்தது. வளர்ந்த பிறகு பச்சையாகிவிடும். இளசாக இருக்கும்போது, பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சமாக வேஷம் போட்டுக்கொண்டு இலைமேல் கிடக்கும். தின்ன வரும் பறவை, சீ என்று போய்விடும். அந்த வேஷம் அத்தனை துல்லியமாக விழுந்த படம் அது. மறுநாள் காலை அதன் பக்கத்தில் ஆவி பறக்க ஒரு டபரா டம்ளர். ‘புத்துணர்ச்சியுடன் தொடங்குவோம்.’ அன்று குழுவில் பாதிப் பேர் காபி குடித்திருக்க மாட்டார்கள். வசவு எனக்குத்தான் வந்தது.

மா. கிருஷ்ணன் விவரமானவர். 1950இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் காட்டையும் வீட்டுக் கொல்லையையும் பற்றி எழுதியவர், படங்களுக்குக் கறுப்பு வெள்ளையைத்தான் நம்பினார். அவர் எடுத்த யானைமேல் யார் ரோஜாப்பூ ஒட்ட முடியும்?

பெயர் போட்டுக்கொள்வதுகூடப் பரவாயில்லை. ‘யார் எடுத்தாரோ, அருமை’ என்று என் படம் சிங்கப்பூர் சுற்றி எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆறுமணிக்குருவிக்குக் கைகூப்பியவர்களில் ஒருவராவது எழுந்துபோய்த் தன் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி. பார்க்கக் கொல்லை வேண்டுமே. மண் ஒட்டுகிறது என்று சிமென்ட் பூசியாயிற்று. சருகு விழுகிறது என்று வேம்பை வெட்டியாயிற்று. மிச்சமிருந்த இடத்தில் கார் நிற்கிறது. சித்தப்பா வீட்டிலும் அதே கதைதான். இமயமலையிலிருந்து வருகிற பறவை டைல்ஸில் எந்தச் சருகைப் புரட்டும்?

சரி, லென்ஸ். தோட்டத்துக்கு இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, புழுவுக்கும் பறவைக்கும் ஒரே லென்ஸ் போதும் என்று கடைக்காரர் சொன்னால்... போன் அடிக்கிறது. வேறு யார்.

‘டேய், கந்த சஷ்டி வருது. தோகை விரிச்ச மயில் ஒண்ணு எடுத்து அனுப்பு. வண்டலூர்ப் பக்கம் நிறையத் திரியுதாமே?’

‘இப்ப தோகை இருக்காது சித்தப்பா. ஜோடி சேர்ற காலம் முடிஞ்சதும் உதிர்ந்துடும். புதுசு முழுசா வளர மாசி ஆயிடும்.’

‘சஷ்டிக்குக்கூடவா இருக்காது?’

‘சஷ்டிக்குக்கூட.’

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார்.

‘சரி, நீ மொட்டையாவே எடுத்து அனுப்பு. தோகைய நான் ஒட்டிக்கிறேன்.’