திலகர் திடலில் ஒரு கராஜ் ராக் தட்டை விலைப்படுத்தல்: ஒரு கள ஆய்வு

ஆய்வுப்பொருள் ஏழு அங்குல விட்டமுடையது. நிமிடத்துக்கு 45 சுற்று. இரு பக்கமும் பாட்டு. லேபிளில் குழுவின் பெயரைச் செல் அரித்துவிட்டது. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' மட்டும் தப்பியிருக்கிறது. 1960களில் அமெரிக்கப் பையன்கள் அப்பாவின் கார் ஷெட்டில் கூடி, கிட்டாரில் மூன்று பிடி கற்று, நான்காவதைக் கற்பதற்குள் தட்டு போட்டுவிடுவார்கள். இது அந்த வகையறா என்பது கேட்ட அரை நிமிடத்தில் விளங்கும்.

இது மதுரைக்கு வந்த வழி குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை; இவ்வாய்வாளரைத் தவிர வேறு அறிஞர் இத்துறையில் இல்லை. ஓபர்லின் கல்லூரியிலிருந்து இளம் பட்டதாரிகள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் சொல்லித்தர வந்துபோனதுண்டு. அவர்களில் ஒருவர் பெட்டியின் கனத்துக்கு அஞ்சி விட்டுச்சென்றிருக்கலாம். தட்டின் எடை ஏறக்குறைய நாற்பது கிராம் என்பது மட்டும் இக்கருதுகோளுக்கு இடைஞ்சல்.

இனி விலை. மேலைச் சேகரிப்பாளர் கோட்பாடு விசித்திரமானது: எந்தத் தட்டு விற்காமல் தோற்றதோ அதற்கே மவுசு. லென்னி கே 1972இல் 'நகெட்ஸ்' என்ற தொகுப்பில் இத்தகைய பாட்டுகளைத் திரட்டியபின் இந்தத் தோல்விகளுக்குப் பரம்பரைப் பெருமையே வந்துவிட்டது. தரம் பிரிப்பதிலும் அவர்கள் தாராளம். 'குட்' என்று எழுதியிருந்தால் கரகரப்புக்கு நடுவே பாட்டும் கேட்கும் என்று பொருள்.

நம்மூர் ரேடியோ செட்டுக்காரரின் கோட்பாடு இதற்கு நேரெதிர். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, டி.எம்.எஸ். வழியாக, 'திருவிளையாடல்' வசனம் வரை எந்தத் தட்டு தேய்ந்திருக்கிறதோ அதுவே சொத்து. கீறல் விழாத தட்டு யாரும் விரும்பிக் கேட்காத தட்டு. மேலூர் விசேஷ வீட்டுக் குழாய் எத்தனை வயலைத் தாண்டிக் கேட்கிறது என்பதே அவருக்குத் தரம்.

தானே எழுதாததும் தனக்கே விளங்காததுமான சரக்கோடு பாண்டியன் அவைக்குப் போன தருமியின் நிலையில் இவ்வாய்வாளர் திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தைக்குப் போனார். நக்கீரர் ஸ்பேனர்களுக்கும் பழைய மிக்ஸி ஜார்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், இம்புட்டுப் பெரிய ஓட்டையா இருக்கு?"

குற்றம் பொருளில். ஆர்.சி.ஏ. விக்டர் 1949இல் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தபோதே நடுவில் ஒன்றரை அங்குல ஓட்டை வைத்துவிட்டது. நம்மூர்ப் பிளேயரின் முளையோ சுண்டுவிரல் பருமன்கூட இராது. அவர் அசரவில்லை. பழைய ஹவாய் செருப்பில் ஒரு வட்டம் வெட்டினார். ஆணியைக் காய்ச்சி நடுவில் துளையிட்டார். தட்டில் திணித்து ஊசியை வைத்தார். சற்றே தள்ளாடினாலும் பாடியது.

"என்ன பாடுறான்?"

இக்கேள்விக்கு முன்மாதிரி உண்டு. கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' ஆபாசப் பாட்டு என்று புகார் வந்தபோது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே விசாரித்தது, எந்த வேகத்தில் ஓட்டினாலும் சொற்கள் புரியவில்லை என்று கைவிரித்தது. இதைச் சொன்னதும் அவருக்குத் தட்டின்மேல் முதன்முறையாக மரியாதை பிறந்தது.

இந்தியச் சரக்காக இருந்திருந்தால் பேரம் பேசவே வேண்டியதில்லை. இம்பீரியல் டொபாகோ தன் சிம்லா சிகரெட்டுக்காக நடத்திய போட்டியிலிருந்து 1970, 1971இல் வந்த 'சிம்லா பீட்' எல்.பி.க்களை வெளிநாட்டார் தேடித் தேடி வாங்குகிறார்கள். முதலாவதில் மதராஸ் குழுவான 'கன்ஃப்யூஷன்ஸ்' இருக்கிறது. சிகரெட் விளம்பரம் கலைப்பொருளாவதும் கலை செருப்புத் துண்டில் சுழல்வதும் தனி ஆய்வுக்குரியவை.

இரு பக்கமும் கேட்டபின் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"முன்பக்கம் நல்லாக் கத்துறான் சார், குழாய் டெஸ்ட் பண்ண ஆகும். பின்பக்கம் இழுவை, எனக்கு வேணாம். பாதி விலை போட்டுக்குங்க."

முன்பக்கம் விற்கப்பட்டது. பின்பக்கத்தின் உரிமை இன்னும் இவ்வாய்வாளரிடமே இருக்கிறது. நியாயமான விலை வந்தால் தரப்படும்.